கேள்வி–பதில்: குதிரை முதுகில் எத்தனை இறாத்தல்?

கூடிய எடை சுமக்கும் குதிரைக்குப் பாதகம் என்கிறார்கள். றேஸ் தாளைப் பார்த்தால் பட்டியலின் மேலே, கூடிய எடையோடு நிற்பவைதான் அடிக்கடி வெல்கின்றன. எது சரி?
– வாசகர், கல்முனை

இரண்டும் சரி. ஹண்டிகெப் பந்தயம் என்றால் திறமைக்கேற்ப எடை ஏற்றி வாய்ப்பைச் சமன் செய்யப் பார்க்கும் பந்தயம். அதில் எடை சும்மா விழுவதில்லை. பழைய ஓட்டங்களைப் பார்த்து ஹண்டிகெப்பர் ஒவ்வொரு குதிரைக்கும் புள்ளி போடுகிறார். பிரித்தானியாவில் ஒரு புள்ளிக்கு ஒரு இறாத்தல். 85 புள்ளிக் குதிரைக்கு 9 ஸ்டோன் (ஒரு ஸ்டோன் 14 இறாத்தல்) 7 இறாத்தல் கொடுத்தால், 72 புள்ளிக் குதிரைக்கு 13 இறாத்தல் குறைத்து 8 ஸ்டோன் 8. ஆக, அந்தப் பந்தயத்தில் எடை கூடியதுதான் திறமை கூடியது. எடை அந்தத் திறமையை முழுதாகச் சமன் செய்தால் எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும். நடைமுறையில் அவ்வளவுக்கு அமுக்குவதில்லை. அடியில் கிடப்பவற்றில் பல, ஒருநாள் ஓடினால் மறுநாள் ஓடாதவை. அவற்றின் புள்ளி மெதுவாகத்தான் இறங்கும். மேலே உள்ளது வளர்ந்து வரும் குதிரையென்றால், ஹண்டிகெப்பர் எடையைக் கூட்டக் கூட்ட அது ஒரு படி முன்னாலேயே நிற்கும்.

இதை நம்பிக் கூடிய எடையிலேயே கட்டினால் அடிக்கடி வெல்லலாம், காசு மிஞ்சாது. புக்கிக்காரரும் அதே தாளைப் பார்த்துத்தான் விலை (வென்றால் தரும் விகிதம்) வைக்கிறார்.

ஒரு இறாத்தல் கூடினால் எவ்வளவு பின்தங்கும்? கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.
– வாசகி, செங்கலடி

ஒரு இறாத்தல் என்பது கடையில் வாங்கும் ஒரு இறாத்தல் பாணின் நிறை, ஏறத்தாழ 450 கிராம். அரைத் தொன் குதிரைக்கு அது பெரிய பாரமில்லை. ஆனால் பந்தயம் மூக்கு நுனியில் முடிகிறது. ஒரு குதிரை நீளம் சுமார் 2.4 மீற்றர், வேகமாக ஓடும்போது ஒரு செக்கனில் ஐந்து, ஆறு நீளம் கடந்துவிடும்.

பந்தயக்காரர் கையாளும் அளவு இது: 5 பேர்லோங்கில் (சுமார் 1,000 மீற்றர்) ஒரு நீளத்துக்கு 3 இறாத்தல், ஒரு மைலில் 2, ஒன்றரை மைலில் ஒன்றரை, இரண்டு மைலில் 1. தூரம் கூடக் கூட அதே பாரம் கூடுதலாக இழுக்கும். 6 இறாத்தல் குறுந்தூரத்தில் 2 நீளம்தான். இரண்டு மைலில் 6 நீளம்.

ஒரு மைல் ஓட்டத்தில், இரண்டும் 9 ஸ்டோன் சுமந்து, முதல் குதிரை மற்றதை 3 நீளத்தால் வென்றது என்று வையுங்கள். 3 × 2 = 6 இறாத்தல். அடுத்த முறை அதே தூரத்தில் வென்றது 9-6 (9 ஸ்டோன் 6 இறாத்தல்), தோற்றது 9-0 சுமந்தால் தாளில் இரண்டும் சமம். வித்தியாசம் 6ஐத் தாண்டினால் தோற்றதன் பக்கம் சாயும்.

கணக்குப் பிழைக்கும் இடங்களும் உண்டு. வென்ற ஜொக்கி கடைசியில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து வந்திருந்தால் 3 நீளம் உண்மையான வித்தியாசமில்லை. 20 நீளம் பின்னால் வந்ததைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். தோற்றது தெரிந்ததும் ஜொக்கி விரட்டுவதை விட்டிருப்பார். இன்னொன்று: ஒரு ஸ்டோனுக்கு 14 இறாத்தல். 9-10ஐ ‘9.1’ என்று வாசித்து 9-7ஐவிடக் குறைவு என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். 9-10 என்பது 136 இறாத்தல், 9-7 என்பது 133.

ஜொக்கியின் பெயருக்குப் பக்கத்தில் (7), (5), (3) என்று இருப்பது?
– வாசகர், ஆரையம்பதி

பயிலுநர் ஜொக்கிக்கான எடைச் சலுகை. பிரித்தானியச் சமதள (தடை தாண்டாத) ஓட்டத்தில் 20 வெற்றி வரை 7 இறாத்தல், 50 வரை 5, 95 வரை 3 குறைப்பார்கள். அனுபவக் குறைவுக்கு ஈடு அது. ஆகவே மிச்சமாகும் 7 இறாத்தலை அப்படியே இலாபமாக எண்ணாதீர்கள். ஆனால் 90 வெற்றி கண்ட பையன் இன்னும் 3 குறைத்து ஓடும்போது நான் கூர்ந்து பார்ப்பேன்.

எடை மிகக் குறைந்த குதிரைக்கு அதனால் வசதிதானே?
– வாசகர், திருக்கோவில்

எப்போதும் இல்லை. அந்தப் பந்தயத்தின் குறைந்தபட்ச எடை 8-2 என்று வைப்போம். மேலே சொன்ன 85 புள்ளிக் குதிரையோடு 60 புள்ளிக் குதிரை ஓடினால் அதற்கு 25 குறைத்து 7-10 வர வேண்டும். ஆனால் 8-2தான் சுமக்கும். பட்டியலில் எடை குறைந்ததாகத் தெரிவது, தன் தகுதிக்கு 6 இறாத்தல் கூடச் சுமக்கிறது!

எடையை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?
– வாசகி, வாழைச்சேனை

ஜொக்கி சேணத்தோடு தராசில் ஏறுவார். குறைந்தால் சேணத்துக்கு அடியில் போடும் துணியின் பைகளில் ஈயத் தகடு செருகுவார்கள். தலைக்கவசமும் சவுக்கும் கணக்கில் இல்லை. ஓட்டம் முடிந்ததும் மறுபடி நிறுப்பார்கள். குறைந்திருந்தால் வெற்றி பறிபோகலாம்.

எடையால் தோற்ற பெரிய குதிரை உண்டா?
– வாசகர், அக்கரைப்பற்று

1973 கிராண்ட் நாஷனல், இங்கிலாந்தின் பெரிய தடை தாண்டும் பந்தயம். கிறிஸ்ப் 12 ஸ்டோன் சுமந்து வெகுதூரம் முன்னால் ஓடியது. 10-5 சுமந்த ரெட் றம் கடைசியில் பிடித்து முக்கால் நீளத்தால் வென்றது. வித்தியாசம் 23 இறாத்தல். நாலரை மைல் ஓட்டத்தில் ஓரிரு இறாத்தல் குறைந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும் என்பது என் எண்ணம். மறுவருடம் ரெட் றம்மே 12 ஸ்டோன் சுமந்து மீண்டும் வென்றது.