வாசகர் கேள்வி: கிங்ஸ் காம்பிட் தோற்றுப்போன தொடக்கமா?

கேள்வி: பள்ளிச் சதுரங்கப் போட்டிகளில் ஆடும் என் மகள், வெள்ளைக் காய்கள் கிடைத்தால் கிங்ஸ் காம்பிட் ஆடுகிறாள். முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷரே முறியடித்துவிட்ட தொடக்கம் அது, விட்டுவிடு என்கிறார் பயிற்சியாளர். அது சரியா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஃபிஷர் அப்படி எழுதியது உண்மைதான். ஆனால் அதை எழுதத் தூண்டிய ஆட்டத்தையும், அதற்குப் பின் அவரே ஆடியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிங்ஸ் காம்பிட்டில் வெள்ளை இரண்டாவது நகர்த்தலிலேயே எஃப்4 கட்டத்தில் சிப்பாயைப் பலியாக வைப்பதன் நோக்கம், கறுப்பின் இ5 சிப்பாயை நடுக்களத்திலிருந்து இழுத்துவிட்டு, எஃப் வரிசையை யானைக்குத் திறந்து, எஃப்7 கட்டத்தைத் தாக்குவது. சொந்த ராஜாவின் அரண் குலைவதுதான் அதற்கு விலை.

1960இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா போட்டியில், 23 வயதான சோவியத் வீரர் போரிஸ் ஸ்பாஸ்கி இதை 17 வயதான ஃபிஷருக்கு எதிராக ஆடினார். ஃபிஷர் சிப்பாயை எடுத்து, ஜி5 சிப்பாயால் அதற்குக் காவல் போட்டார். ஸ்பாஸ்கி எச்4க்குச் சிப்பாயை நகர்த்தி அந்தக் காவலைக் குலைத்து, குதிரையை இ5இல் நிறுத்தினார். அப்படியும் தொடக்கத்தில் வெள்ளைக்குப் பெரிய லாபம் இல்லை. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த ஃபிஷர், 26ஆவது நகர்த்தலில் யானையை எஃப்8க்குக் கொண்டுபோனதுதான் பிசகு. உடனே ஸ்பாஸ்கியின் யானை இ5இல் வந்து நிற்க, தன் பிஷப்பைக் காப்பாற்ற வழியின்றி 29ஆவது நகர்த்தலோடு ஃபிஷர் ஆட்டத்தைக் கைவிட்டார். ஆக, அவரைத் தோற்கடித்தது தொடக்கமன்று. போட்டியின் முடிவில் இருவரும் 13½ புள்ளிகளுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

மறு ஆண்டு, அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் லாரி எவன்ஸ் ஆசிரியராக இருந்த ஓர் அமெரிக்கச் சதுரங்க இதழில், வெள்ளை மூன்றாவது நகர்த்தலில் குதிரையை எஃப்3க்குக் கொண்டுவந்தால் கறுப்பு டி6க்குச் சிப்பாயை நகர்த்த வேண்டும் என்று ஃபிஷர் எழுதினார். அந்தச் சிப்பாய் இ5ஐக் காப்பதால், பிறகு கறுப்பு ஜி5 ஆடினாலும் வெள்ளைக் குதிரைக்கு இ5 கட்டம் கிடைக்காது. மார் டெல் பிளாட்டாவில் பட்ட அடிக்கு நேரடி மருந்து இது. உங்கள் மகள் இதற்குப் பதில் தயாரித்துக்கொள்ளாமல் போட்டிக்குப் போகக் கூடாது என்பதில் பயிற்சியாளர் பக்கம்தான் நானும்.

ஆனால் அந்த மருந்து மூன்றாவது நகர்த்தலில் குதிரை வந்தால் மட்டுமே பலிக்கும். அதற்குப் பதில் பிஷப்பை சி4க்குக் கொண்டுவந்தால், கறுப்பு ராணி எச்4இலிருந்து செக் வைக்கும். வெள்ளை ராஜா எஃப்1க்கு நகர்ந்து காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) உரிமையை இழக்கும். இந்த வழியைத்தான் 1963-64 அமெரிக்கச் சாம்பியன் போட்டியில் ஃபிஷரே வெள்ளைக் காய்களுடன் ஆடி வென்றார். எதிரில் உட்கார்ந்திருந்தவர் அதே லாரி எவன்ஸ்.