மருந்து இலவசம், பஸ் கட்டணம் யார் தருவது?

(குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சமூகப் பணியாளராக இருப்பவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஏழைக் குழந்தை ஒன்றின் மருத்துவச் செலவை மாதாமாதம் ஏற்க நானும் மனைவியும் விரும்புகிறோம். பயணம், தங்குமிடம், ஊழியர் சம்பளம் என்று பணம் கரையாமல் முழுவதும் சிகிச்சைக்கே போக வேண்டும். அதை எப்படி உறுதி செய்வது? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, எதைக் கரைவது என்கிறீர்களோ, அதற்குப் பணம் இல்லாமல்தான் எங்கள் வார்டில் பல பிள்ளைகளின் சிகிச்சை பாதியில் நிற்கிறது.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயையே பாருங்கள். முழுச் சிகிச்சைக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் மாத மருந்திலேயே காய்ச்சல் விட்டுவிடும், ரத்தப் பரிசோதனை நன்றாக வரும், ஓடியாட ஆரம்பித்துவிடுவார்கள். கூலி வேலைக்குப் போகும் அப்பாவுக்கு என்ன தோன்றும்? "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு அலையணும்?" மருந்து இலவசம்தான். ஆனால் ஒவ்வொரு தடவை வரும்போதும் அன்றைய கூலி போச்சு. இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம், ராத்திரி தங்க இடம், வீட்டில் விட்டுவந்த சின்னவளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஒரு தவணை தள்ளிப்போகும். அப்புறம் வரவே மாட்டார்கள். ஒளிந்திருந்த செல்கள் பெருகி நோய் திரும்பும்போது, முன்பு வேலை செய்த மருந்துக்கு அது அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை.

வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள், குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சொல்லும் காரணங்களில் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் ஒன்று. அமெரிக்காவில் 1962ல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகிறது. அங்கே சிகிச்சைக்கு மட்டுமல்ல, பயணம், தங்குமிடம், சாப்பாடு எதற்கும் குடும்பத்துக்கு பில் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

பாதம் உள்வளைந்து பிறக்கும் பிள்ளைக்கும் இதே கதை. பொன்செட்டி முறையில் வாரம் ஒருமுறை மாவுக்கட்டை மாற்றிப் போடுவார்கள், பலருக்குக் குதிகால் தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டும் தேவைப்படும். சில வாரங்களில் பாதம் நேராகிவிடும். நன்கொடையாளருக்கு அனுப்ப அருமையான படம்! அதன் பிறகு மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், நான்கு வயது வரை இரவுதோறும் பிரேஸ் (பட்டையால் இணைத்த ஷூ ஜோடி) போட்டாக வேண்டும் என்பது படத்தில் தெரியாது. கால் வளர வளர ஷூ மாற்ற வேண்டும். விட்டால் பாதம் மறுபடி வளையும்.

ஊழியர் சம்பளம் என்றீர்கள். தவணைக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டு, எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போட்டு, எப்படியாவது வரவழைக்கிறவரின் சம்பளம் அது. (நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.)

மாதாமாதம் கொடுப்பது என்றால் டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இன்சுலின், ஊசி, சோதனைப் பட்டை எல்லாம் வாழ்நாள் முழுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை பெரிய தொகை கொடுத்துவிட்டுப் போகிறவரால் அங்கே பயன் குறைவு.

கேள்வி: நான் உதவும் குழந்தையின் படமும் கடிதமும் வேண்டும் என்று கேட்கலாமா? – வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. முகம் காட்ட மாட்டேன் என்று சொல்லும் தைரியம் உதவி வாங்கும் தாய்க்கு வராது. நாளை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். கேட்டே தீர வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்: எத்தனை பேர் சிகிச்சை தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், விட்டுப்போனவர்கள் ஏன் போனார்கள்? மூன்றாவதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிற அமைப்பை நம்பலாம்.

கேள்வி: என் ஒன்றரை வயது மகனுக்கு இதயத்தில் ஓட்டை. கடன் வாங்கி ஆபரேஷனை முடித்துவிட்டுப் பிறகு உதவி கேட்கலாம் என்கிறார் கணவர். – ஒரு தாய்

பதில்: அவசரம் இல்லையென்றால் அப்படிச் செய்யாதீர்கள். பல அறக்கட்டளைகள் பணத்தை மருத்துவமனைக்குத்தான் நேரடியாகக் கட்டும். முடிந்துபோன செலவைத் திருப்பித் தருவது அரிது. எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். சிறிய ஓட்டைகளில் பல தானாகவே மூடிக்கொள்ளும். பெரியதாக இருந்து மூச்சு வாங்கினாலோ எடை ஏறாவிட்டாலோ தள்ளிப்போடக் கூடாது. எக்கோ அறிக்கை, டாக்டரின் கடிதம், செலவு மதிப்பீடு, வருமானச் சான்று நான்கையும் எடுத்துக்கொண்டு, அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மருந்து, பரிசோதனைச் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஸ்பான்சர் பிடித்துத் தருகிறேன் என்று கமிஷன் கேட்டு யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.