கையில ஆயிரத்தைந்நூறு, கிளம்பு விளக்குத்தூணுக்கு: அக்காவிடம் கேள்வி பதில்

மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சேலைக்கடையில பல வருஷம் துணி விரிச்சுப் போட்ட கை இது. கம்மி விலையில நல்லதா எடுக்கறதைப் பத்திக் கேட்டிருந்தீங்க. தெரிஞ்சதைச் சொல்றேன்.

திருப்பரங்குன்றம், கல்லூரி மாணவி: அக்கா, 1500 ரூபா இருக்கு. தோழி கல்யாணத்துக்கு ஒரு சேலை, காலேஜுக்கு ரெண்டு டாப்ஸ். முடியுமா?

முடியும். பத்துத்தூண் சந்துக்குப் போங்கம்மா. போறப்ப, வீட்டுல இருக்கற நல்ல ப்ளவுஸ் ஒண்ணைப் பையில போட்டுக்கங்க. எல்லாரும் சேலை விலையை மட்டும்தான் கணக்குப் போடறாங்க. அறுநூறுக்குச் சேலையை எடுத்துட்டு, ப்ளவுஸ் தையக்கூலி, லைனிங், ஃபால்ஸ், ஓரம் அடிக்கன்னு டெய்லர்கிட்ட விசாரிச்சுப் பாருங்க. சேலை விலையை எட்டிப் பிடிச்சுரும். இருக்கற ப்ளவுஸுக்குச் சேலை தேடினா அந்தக் காசு அப்படியே டாப்ஸுக்கு ஆச்சு. நிறம் சேருதான்னு கடை லைட்டுல பார்க்காதீங்க. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டாரச் சொல்லுங்க, கூச்சமே வேண்டாம்.

காலையில போணி நேரத்துல போனா விலை இறங்கும்ங்கறது நெசம்தான். முதல் ஆளைச் சும்மா அனுப்பக் கடைக்காரருக்கு மனசு வராது. ஆனா வாங்கற எண்ணம் இருந்தாத்தான் அப்பப் பேரம் பேசணும். இருபது சேலையை விரிக்கச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போனா, அன்னைக்குப் பொழுதுக்கும் உங்களைத்தான் திட்டிக்கிட்டிருப்போம். அப்புறம், சந்துல நிக்கிற அந்தப் பத்துத் தூணும் திருமலை நாயக்கர் அரண்மனையோட மிச்சம். சேலை பார்க்கிற மும்முரத்துல யாரும் நிமிர்றதே இல்லை. நீங்களாவது ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க.

அண்ணாநகர், இல்லத்தரசி: சுங்குடின்னு 500க்கும் தர்றாங்க, அதுக்குப் பல மடங்கு விலையும் சொல்றாங்க. ஏமாத்தறாங்களா?

ரெண்டும் ஒரே பொருள்னு சொல்லி வித்தாத்தான் ஏமாத்து. பழைய சுங்குடி, நம்ம ஊர் சௌராஷ்டிரா குடும்பங்கள் கையால முடிச்சுப் போட்டது. துணியை நகத்தால கிள்ளி, நூலால இறுக்கிக் கட்டி, சாயத்துல முக்குவாங்க. கட்டின இடத்துல சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. 2005ல புவிசார் குறியீடு வாங்கினதும் இந்தச் சுங்குடிதான். இப்ப இதைச் செய்யற கைகள் குறைஞ்சு போச்சு, அதனால விலை அப்படி இருக்கு.

கடையில குவிஞ்சு கிடக்கறதுல பெரும்பாலும் மெழுகு அச்சு வச்சுச் சாயம் போட்டது, இல்லைன்னா ஸ்கிரீன் பிரிண்ட். கண்டுபிடிக்கறது சுலபம். முடிச்சுப் போட்டதுல ஒரு புள்ளி மாதிரி இன்னொண்ணு இருக்காது, கோணல்மாணலா இருக்கும். புதுத்துணியா இருந்தா புள்ளி இருக்கற இடத்துல துணி சுருங்கி, தடவினா விரலுக்கு மேடு தட்டும். பிரிண்ட்டுல எல்லாப் புள்ளியும் அளவெடுத்த மாதிரி நிக்கும், தடவினா வழவழன்னு இருக்கும்.

என்னைக் கேட்டா, தினசரிக்கு 500 ரூபா பிரிண்ட்டே போதும். மதுரை வெயிலுக்குப் பருத்திதான் முக்கியம், புள்ளி எப்படி வந்துச்சுன்னு வெயில் கேக்காது. முடிச்சுச் சுங்குடி ஒண்ணே ஒண்ணு பீரோவுல இருக்கட்டும், அதுக்குப் பேரம் பேசாதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஈரக் கைக்குட்டையால ஓரத்தைத் தேச்சுப் பாருங்க, சாயம் ஒட்டுதான்னு தெரிஞ்சுரும். முதல் சலவை தனியா, பச்சைத் தண்ணியில, நிழல்ல உலர்த்தணும். கல்லுப்பு போட்டா சாயம் நின்னுரும்னு சொல்வாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை.

செல்லூர்: ஆயிரத்துக்கு மேல போனா ஜிஎஸ்டி கூடும்னு ஒரு கடையில சொன்னாங்களே?

அது பழைய கணக்கு. 2025 செப்டம்பர் 22லருந்து, 2500 ரூபா வரைக்கும் உள்ள தைச்ச உடுப்புக்கு 5 சதவீதம், அதுக்கு மேல 18. பில் மொத்தத்துக்கு இல்லை, ஒவ்வொரு உருப்படி விலைக்கும் தனித்தனி.

மேலூர்: வளையல்ல 2.4, 2.6ன்னு போட்டிருக்கே, அது என்ன அளவு?

அது தசமக் கணக்கு இல்லை. புள்ளிக்குப் பின்னாடி வர்றது இஞ்சில பதினாறுல ஒரு பங்கு. அதனால 2.4ன்னா ரெண்டேகால் இஞ்சு, 2.8ன்னா ரெண்டரை இஞ்சு, உள்விட்டம். சரியா இருக்கற பழைய வளையலை ஸ்கேல் மேல வச்சு அளந்துட்டு ஆர்டர் போடுங்க. நேர்ல வர்றதா இருந்தா, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிர்ல உள்ள புதுமண்டபத்துல இருந்த கடைகளை இப்பக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க, பழைய நினைப்புல மண்டபத்துக்குள்ள தேடாதீங்க.

வில்லாபுரம்: "விற்ற பொருள் மாற்றித் தரப்பட மாட்டாது"ன்னு போர்டு வச்சிருக்காங்க. எடுத்த சுடிதார்ல கிழிசல் இருந்தா?

நிறம் பிடிக்கலைன்னா கடைக்காரர் இஷ்டம்தான். குறை உள்ள துணின்னா போர்டு செல்லாது. பில்லுல போட்ட காலத்துக்குள்ள, காலம் எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள, அதைத் திரும்ப எடுக்க மறுக்கறது 2019 நுகர்வோர் சட்டப்படி முறைகேடான வியாபாரம். பில்லைப் பத்திரமா வைங்க. முதல்ல தன்மையாப் பேசுங்க, முக்கால்வாசி அங்கேயே முடிஞ்சுரும். முடியலைன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்க.

பெயர் வேண்டாம் என்ற ஒரு கணவர்: வீட்டம்மா கூடக் கடைக்கு வந்தா பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் வேலை. எனக்கு ஒரு வழி சொல்லும்மா.

அண்ணே, விளக்குத்தூண்லயே ஜிகர்தண்டா கிடைக்குது, இன்னும் என்ன வழி வேணும்? பாதாம்பிசின், பால், நன்னாரி சர்பத், மேல ஐஸ்கிரீம். ஆனா மத்தியானமே குடிச்சுட்டா மூணாவது கடையில கண்ணைச் சொக்கும். சாயங்காலமா இருந்தா என் ஓட்டு பருத்திப்பாலுக்கு. பருத்திக்கொட்டையை ஊறவச்சு ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சினது, நின்ன கால்வலி தெரியாது. வர்ற வழியில வீட்டம்மாவுக்கு ரெண்டு முழம் மல்லி வாங்கிருங்க. முகூர்த்த நாள்ல மட்டும் பூ விலையைக் கேட்டுட்டுக் கையை நீட்டுங்க.

ஆரப்பாளையம்: அக்கா, அம்மாவுக்கு நைட்டி எடுக்கணும். ரோட்டோரக் கடையில எடுக்கலாமா?

தாராளமா எடுக்கலாம். காட்டன்தானான்னு சந்தேகமா இருந்தா முதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கி, தையல்ல தொங்கற நூலை வீட்டுல கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா காகிதம் கருகின வாசனையோட சாம்பலாகும், பாலியெஸ்டர்னா உருகி உருண்டை கட்டும். துவைச்சா ஏறும், அதனால உயரத்துல நாலு விரல் கூடவே எடுங்க. ஜிப்பை ரெண்டு தரம் ஏத்தி இறக்கிப் பாருங்க. பாக்கெட் இல்லாத நைட்டியை மட்டும் எடுத்துராதீங்க, அம்மா போனை எங்க வைப்பாங்க?