ஞாயிறு முழுக்க அறையில் கிடக்காதீர்கள்: கொரியா பற்றி வாசகர் கேள்விகள்

பாம்பனில் பிறந்த நான் தென் கொரியாவின் பூசான் நகரத்தில் படிப்பும் வேலையுமாக ஏழு வருஷம் இருந்தேன் என்று போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் கடற்கரை ஊர்களிலிருந்துதான். சம்பளம் எவ்வளவு என்று கேட்டவர்களைவிட லீவு நாளில் அங்கே என்ன செய்வீர்கள், எப்படிப் பொழுது போகும் என்று கேட்டவர்கள் அதிகம். எனக்கும் அதைப் பேசத்தான் ஆசை.

அக்கா, அடுத்த மாதம் பூசானுக்குப் படிக்கப் போகிறேன். வாரம் முழுக்க லேபில் ஓடிவிடும், சனி ஞாயிறை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அங்கே யாரையும் தெரியாது, பாஷையும் தெரியாது.
— தங்கச்சிமடம் வாசகர்

தம்பி, இந்தப் பயம் எனக்கும் இருந்தது. முதல் இரண்டு மாதம் ஞாயிறு முழுக்கப் போர்வைக்குள் போனைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன், திங்கட்கிழமை எழும்போது உடம்பு இன்னும் அசதியாக இருக்கும். மூன்றாவது மாதம் லேபில் இருந்த ஒரு கொரிய அக்கா, நீ பாலத்து ஊர்க்காரிதானே வா என்று யோங்டோ பாலத்துக்குக் கூட்டிப்போனார். 1934இல் கட்டிய தூக்குப்பாலம் அது. 1966இல் தூக்குவதை நிறுத்திவிட்டு 2013இல்தான் மறுபடி தொடங்கினார்கள். நான் இருந்தபோது சனிக்கிழமை மதியம் 2 மணிக்குத் தூக்குவார்கள், நீ போகும் முன் நேரத்தைக் கேட்டுக்கொள். சைரன் ஊதி, வண்டிகளெல்லாம் நின்று, ரோடு அப்படியே செங்குத்தாக எழுந்தபோது, சின்ன வயதில் பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு ரயில் பாலம் திறந்து கப்பல் போவதைப் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. அந்த அக்கா சொன்ன இன்னொரு விஷயம்: 1950இல் போர் வந்து ஜனங்கள் பூசானுக்கு ஓடிவந்தபோது, வழியில் பிரிந்துபோனால் யோங்டோ பாலத்தில் வந்து நில், அங்கே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுத்தான் பிரிவார்களாம். வேறு எந்த இடமும் பேர் தெரியாதே.

அங்கிருந்து பொடிநடையாகப் போனால் ஜகல்ச்சி மீன் மார்க்கெட். ஜகல் என்றால் சரளைக்கல், அந்தக் கரையில் உட்கார்ந்து பெண்கள் மீன் விற்கத் தொடங்கி வளர்ந்த சந்தை. கீழே உயிர்மீனைக் காட்டி வாங்கினால் மேல்மாடியில் சமைத்துத் தருவார்கள். பேய்க்கணவாய், சாவாளை, நம் கானாங்கெளுத்தியின் பெரிய அண்ணன் மாதிரி ஒரு மீன் (அதுதான் பூசான் நகரத்தின் மீன்) எல்லாம் பார்க்கலாம். விலை கேட்கத் தெரியாவிட்டாலும் மீனைப் பார்த்தால் புதுசா பழசா என்று உனக்குத் தெரியும் இல்லையா, அந்தப் பார்வையை அந்தப் பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம் மலை. நம் ராமேஸ்வரம் தீவில் கந்தமாதன பர்வதம்தான் உயரமான இடம், அதனால் மலை ஏறுவது நமக்குப் பழக்கமில்லை. கொரியாவில் லீவு நாளென்றால் அறுபது, எழுபது வயதுக்காரர்களெல்லாம் கைத்தடியோடு மலைக்குப் போவார்கள். பூசானில் கும்ஜோங்சான் 801.5 மீட்டர்தான், மெதுவாக ஏறலாம். உச்சியில் தனியாக உட்கார்ந்திருந்தால் யாராவது கூப்பிட்டு வெள்ளரிக்காயோ கிம்பாப்போ (பாசித்தாளில் சுருட்டிய சோறு) கையில் திணிப்பார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள், அதில்தான் எனக்கு முதல் கொரிய வார்த்தைகள் கிடைத்தன. உடனே வயசு என்ன என்று கேட்பார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மூத்தவரா இளையவரா என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு வாய் திறந்து பேச வரும். ஆண்பிள்ளைகள் தங்களைவிட மூத்த ஆணை ஹியோங் என்றும் மூத்த பெண்ணை நூனா என்றும் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுக் கடை அம்மாவை இமோ என்று கூப்பிட்டுப் பார், அம்மாவோடு பிறந்தவள் என்று அர்த்தம், தட்டில் தொடுகறி ஒரு கை கூடுதலாக விழும்.

பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காசு கட்டுகிற டி-மணி அட்டை ஒன்று வாங்கிக்கொள். பஸ்ஸில் இறங்கும்போதும் தட்டினால்தான் அடுத்த வண்டிக்குச் சலுகை. வழி பார்க்க கூகுள் மேப்பை நம்பாமல் கொரியக்காரர்களின் நேவர் மேப் போட்டுக்கொள்.

கணவர் உல்சானில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறார். நானும் ஐந்து வயது மகனும் போகிறோம். வீட்டு விஷயத்தில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?
— மண்டபம் வாசகி

போய் இறங்கி 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டை எடுத்துவிடுங்கள், போன், வங்கி, எதற்கும் அதுதான். ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும் என்பது 2019 ஜூலையிலிருந்து கட்டாயம்.

குப்பைதான் எல்லாருக்கும் முதல் தலைவலி. சாதாரணக் குப்பைக்கு அந்தந்த நகராட்சிப் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், சாப்பாட்டு மிச்சம் தனி, பிளாஸ்டிக், கண்ணாடி, காகிதம் எல்லாம் தனித்தனி. முதல் வாரம் நான் கடைப் பையில் கட்டி வெளியே வைத்தேன், பக்கத்து வீட்டுப் பாட்டி அதை என் கதவருகே கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுநாள் சரியான பை ஒன்றைக் கையில் கொடுத்து எப்படி என்று காட்டிவிட்டுப் போனார். குளிருக்குப் பயப்படாதீர்கள், வீட்டுத் தரையே சூடாகும்படி கட்டியிருப்பார்கள், பையன் தரையிலேயே விளையாடட்டும். கருவாடு வறுக்கலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். அவர்களும் கருவாடு தின்கிறவர்கள்தான், நெத்திலிக் கருவாடு இல்லாமல் அங்கே சமையலே இல்லை. ஆனாலும் அடுக்குமாடியில் ஜன்னலைத் திறந்துவைத்து வறுங்கள்.

லீவு நாளில் பையனை ஜாங்செங்போவுக்குக் கூட்டிப்போங்கள். முன்பு திமிங்கில வேட்டைத் துறைமுகம், 1986இல் வேட்டை நின்றது, இப்போது திமிங்கில அருங்காட்சியகம் இருக்கிறது. நம் கடல்பசுவின் கதையை அங்கே வைத்து அவனுக்குச் சொல்லுங்கள்.

ஹலால் சாப்பாடு கிடைக்குமா? ஜும்ஆவுக்கு என்ன செய்வது?
— கீழக்கரை வாசகர்

சியோலில் இத்தேவோன் மேட்டில் 1976இல் திறந்த பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, சுற்றியுள்ள தெருவில் ஹலால் கறிக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக இருக்கும். பூசானில் தூசில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் உண்டு. வெள்ளிக்கிழமை வேலைநாள் என்பதால் ஜும்ஆவுக்கு மதிய இடைவேளையை முன்கூட்டியே பேசி வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் தருவார்கள். த்வேஜிகோகி என்றால் பன்றி இறைச்சி, இந்த ஒரு வார்த்தையை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். ராமியோன் என்கிற நூடுல்ஸ் பாக்கெட்டின் மசாலாவில்கூட இறைச்சிச் சாறு இருக்கும். சந்தேகமாக இருந்தால் மீன் கடைக்குப் போய்விடுங்கள்.

கொரியாவில் ஃபேக்டரி வேலைக்கு விசா எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார். அம்மா நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.
— சாயல்குடி வாசகர்

வைக்காதீர்கள். கொரியா தொழிற்சாலை வேலைக்கு ஆள் எடுப்பது ஈ-9 விசாவில், அரசும் அரசும் ஒப்பந்தம் போட்டு, கொரிய மொழித் தேர்வு வைத்து. அந்தப் பட்டியலில் இலங்கை, நேபாளம், வங்கதேசம் எல்லாம் இருக்கின்றன, இந்தியா இல்லை. பட்டியலில் உள்ள நாடுகளில்கூடத் தனியார் ஏஜென்ட்டுக்கு அதில் வேலை கிடையாது. சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டுப் போய்ப் பார்த்துக்கொள் என்பார்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பிடிபடாவிட்டால் லீவு நாளில் தெருவுக்கு வரக்கூடப் பயந்து வாழ வேண்டும், அப்படி ஒளிந்து வாழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெல்டர், இன்ஜினியர் என்று கைத்தொழில் உள்ளவர்களுக்கு வேறு விசா உண்டு, அதற்குக் கம்பெனியே கடிதம் தர வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள், அல்லது சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

எங்க ஊர்ப் பெண்கள் மாதிரியே அங்கேயும் பெண்கள் கடலில் முங்குகிறார்கள் என்று டிவியில் காட்டினார்கள். நிஜமா?
— சின்னப்பாலம் வாசகி

நிஜம்தான் அக்கா. அவர்களைப் பார்க்கவென்றே ஒரு லீவில் ஜெஜு தீவுக்குப் போனேன். ஹேன்யோ என்பார்கள், கடல் பெண்கள் என்று அர்த்தம். சிலிண்டர் இல்லாமல் மூச்சை அடக்கி முங்கி, சங்கு, நத்தை, பாசி எல்லாம் எடுப்பார்கள். மேலே வரும்போது வாயால் ஒரு விசில் சத்தம் வரும். அடக்கிய மூச்சை விடுகிற சத்தம் அது, சும்பிசோரி என்று அதற்குத் தனிப்பெயர். கரையில் நின்று கேட்டபோது, நம் பெண்கள் தீவுப் பக்கம் முங்கி எழுந்து மூச்சுவிடும் சத்தம் காதுக்குள் கேட்டது. பெரும்பாலும் அறுபது, எழுபது தாண்டிய பாட்டிகள். கறுப்பு ரப்பர் உடுப்பு, இடுப்பில் ஈயக்கட்டி, மிதவையில் கட்டிய வலைப்பை. நம் பெண்கள் சேலைமேல் சட்டை போட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கிற படத்தைப் போனில் காட்டினேன். ஒரு பாட்டி அந்த விரல்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாசி அங்கே வீட்டுச் சாப்பாடு. பிள்ளை பெற்றவளுக்கு மியோக் என்ற பாசியில் சூப் வைத்துக் கொடுப்பார்கள், பிறந்தநாளுக்கும் அதே சூப்தான், அம்மாவை நினைத்துக்கொள்ள. நம் பாசி மூட்டையாகக் கம்பெனிக்குப் போய்விடுகிறது.

ஹேன்யோக்களின் வாழ்க்கைமுறையை 2016இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, மருத்துவச் செலவுக்கு ஜெஜு நிர்வாகம் உதவுகிறது, எந்தக் கடல் பகுதி எந்த ஊர்ப் பெண்களுக்கு என்ற உரிமை கூட்டுறவு மூலம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டதால் நம் பெண்கள் தங்கள் கடலுக்குள்ளேயே பயந்து போய்வருகிறார்கள். கடலைக் காப்பதும் வேண்டும், தலைமுறையாக அதில் முங்குகிறவளை மதிப்பதும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்கிறதை ஜெஜுவில் என் கண்ணால் பார்த்தேன்.

கொரிய ராணி தமிழச்சி என்கிறார்களே, உண்மையா?
— ராமநாதபுரம் ஆசிரியர்

பூசானை ஒட்டிய கிம்ஹே ஊரில் அந்த ராணியின் சமாதி இருக்கிறது, சசாங் நிலையத்திலிருந்து சின்ன ரயிலில் போகலாம். ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி கி.பி. 48இல் அயுத்தா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்தாள் என்று 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூல் ஒன்று சொல்கிறது. அயுத்தா அயோத்தி என்பாரும் உண்டு, பாண்டிய நாடு என்பாரும் உண்டு, நிரூபணம் எதற்கும் இல்லை. அம்மாவுக்கு ஓம்மா, அப்பாவுக்கு அப்பா என்று அவர்கள் சொல்வது கேட்க இனிமைதான், அதை வைத்து உறவு முடிச்சுப் போட முடியாது ஐயா.

எனக்குக் கிம்ஹேயில் கிடைத்த உறவு வேறு. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தைத் தெரு முழுக்க வெளிநாட்டுத் தொழிலாளர்கள், அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் வாங்க வருவார்கள். அங்கே தேங்காய்ப்பால் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் போனில் தமிழ் பேசினார். தலைமன்னார்க்காரர். தனுஷ்கோடிக்கும் அவர் ஊருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல். ராத்திரியில் நாங்கள் உங்கள் வெளிச்சத்தைப் பார்ப்போம் என்றார், நாங்களும்தான் என்றேன். அவ்வளவு பக்கத்தில் பிறந்துவிட்டு, பேசிக்கொள்ள இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு அந்தத் தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சொதி வைத்துச் சாப்பிடுவோம்.

மகன் சியோல் பக்கம் வேலையில் இருக்கிறான். லீவு நாளில் தூங்கினேன் என்று மட்டும்தான் சொல்கிறான். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது மா.
— தொண்டியிலிருந்து ஒரு அம்மா

அம்மா, வேலை கடுமையாக இருக்கும், தூங்கட்டும், ஆனால் வாரா வாரம் தூக்கம் மட்டும் என்றால் உள்ளே தனிமை ஏறுகிறது. குளிர்காலத்தில் இருட்டு சீக்கிரம் வரும், அப்போது இது இன்னும் கூடும். சூசோக் என்கிற அறுவடைப் பண்டிகையின்போது ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பிப் போய்விடும், கடைகளும் மூடியிருக்கும், நம் பிள்ளைகள் தனியாக மாட்டிக்கொள்வார்கள். அந்த நாட்களுக்கு முன்பே நண்பர்களோடு எங்காவது போகத் திட்டம் போடச் சொல்லுங்கள். விசாவிலோ தங்குவதிலோ சிக்கல் என்றால் 1345 என்ற எண்ணில் பல மொழிகளில் பேசுவார்கள், உடம்புக்கு அவசரம் என்றால் 119. இரண்டையும் அவன் போனில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

சாப்பிட்டாயா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கே நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் அவனுக்கு ஏழரை. இன்றைக்கு எங்கே போனாய், யாரைப் பார்த்தாய், ஒரு போட்டோ அனுப்பு என்று கேளுங்கள். அம்மா கேட்பாள் என்பதற்காகவாவது இரண்டு வாரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்குவான்.