கேட்டதை எங்கே இறக்கி வைப்பது?

குற்ற வழக்குகளை ஒட்டி மனநல வேலை பார்ப்பவர்களுக்கு வரும் சோர்வு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ராயபுரத்திலிருந்து புழல் வரை, நம் வடசென்னைப் பக்கம் இருந்துதான் அதிகம் வந்திருக்கின்றன. நான் 26 வருடம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில்தான் போனது. யார் என்று தெரியாதபடி கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

மேடம், ஒன்றரை வருடமாக போக்சோ வழக்குகளில் குழந்தைகளுக்கு ஆதரவு நபராகப் போகிறேன். இப்போது அக்கா மகளை என் சொந்தத் தம்பி தூக்கிக் கொஞ்சினால்கூட நெஞ்சு படபடக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? (கொருக்குப்பேட்டை)

இல்லைம்மா. எனக்கும் இது நடந்தது. என் மகளுக்கு 9 வயது. பக்கத்துத் தெருவில் டியூஷன், அவளோடு இன்னும் எட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். ஒரு நாள் அந்த வாத்தியார் வீட்டு வாசலில் நின்றபடி, உள்ளே பாதி மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று மாதம் அனுப்பவில்லை. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதே வாரம் நான் படித்த ஒரு வழக்குக் கோப்பில் ஒரு பாதி மூடிய கதவு இருந்தது, அவ்வளவுதான்.

மெக்கான், பேர்ல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-ல் இதைத் தனியாக எடுத்து எழுதினார்கள். அடுத்தவர் பட்ட கொடுமையைத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு உலகத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையே இடம் மாறிவிடும் என்றார்கள். 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு இன்னும் ஒரு படி போனது. வேலை காரணமாகக் கொடுமைகளின் விவரங்களைத் தொடர்ந்து எதிர்கொள்வதும் அதிர்ச்சி நோய்க்கு வழிவகுக்கலாம் என்று அது ஏற்றுக்கொண்டது. அதனால் இதை மனத் திடம் இல்லாததன் அடையாளமாக நினைக்காதீர்கள். எவ்வளவு கேட்டீர்கள் என்பதைப் பொறுத்த விஷயம் இது.

படபடப்பு வரும்போது ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். இங்கே என் கண்ணால் பார்த்தது என்ன? வழக்கிலிருந்து நான் எடுத்துவந்தது என்ன? முதல் வரியில் உண்மையாகவே ஏதாவது இருந்தால் உடனே கவனியுங்கள், தயங்க வேண்டாம். பெரும்பாலும் அது காலியாகத்தான் இருக்கும். அப்புறம், உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் அடுத்த இரண்டு மாதத்துக்குப் புதிய வழக்கு குறைவாகக் கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள், எழுதிக் கொடுங்கள்.

பர்ன்அவுட் என்பதும் இதுவும் ஒன்றுதானே? (சிறை கவுன்சிலர், புழல் பக்கம்)

இரண்டும் ஒன்றாக வரலாம், ஆனால் வேறு வேறு. பர்ன்அவுட் வேலையின் அளவால் மெல்ல மெல்ல வருவது. 1974-ல் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் அந்தப் பெயரை வைத்தார். அதற்கு மூன்று முகம் என்று மாஸ்லாக் என்ற இன்னொரு உளவியலாளர் பிரித்துக் காட்டினார்: உள்ளம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, நாம் செய்வதில் பயனே இல்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்வதில்லை, வேலை தொடர்பான ஒரு நிலை என்றுதான் சொல்கிறது. அடுத்தவர் பட்டதைக் கேட்டு வரும் இந்த இரண்டாம் நிலை அதிர்ச்சி அப்படி மெல்ல வர வேண்டியதில்லை. ஒரே ஒரு வழக்கு, ஒரே ஒரு மதியம் போதும்.

சிறையில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு. உள்ளே வரும் ஆளைப் பெயர் சொல்லாமல், "அந்த 302 வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டீர்களா? (302 கொலைக்கான பழைய சட்டப் பிரிவு, புதிய சட்டத்தில் அது 103.) அது உங்கள் வாயில் வந்த நாளே லீவு எழுதிக் கொடுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையை மதிப்பிட்டு முதல் முறையாக ரிப்போர்ட் எழுதினேன். அவர் என்னிடம் அழுதார், எல்லாவற்றையும் சொன்னார். என் ரிப்போர்ட் அவருக்குச் சாதகமாக இல்லை. இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. துரோகம் செய்த மாதிரி இருக்கிறது. (தண்டையார்பேட்டை)

வந்ததிலேயே நம் வேலையின் அடிமடியைத் தொடும் கேள்வி உங்களுடையதுதான், தம்பி. மற்ற மனநல வேலைகளில் ஒருவர் அழுதால் நாம் அவருக்கு உதவத்தான் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே அவர் அழுகிறார், நாம் குறிப்பு எடுக்கிறோம். நமக்குப் பயிற்சி கொடுத்த கைகள் அவரைத் தேற்றத் துடிக்கும், எழுதும் கை எழுதிக்கொண்டே இருக்கும். இந்த இழுபறிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவர் செய்த குற்றத்தின் விவரங்களைவிட இது ஆழமாகக் கீறும்.

இதைத் தடுக்கும் இடம் முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடம். "நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்க வரவில்லை. நீதிமன்றம் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வந்திருக்கிறேன். நீங்கள் சொல்வது அதில் வரலாம்." இதை அவருக்குப் புரியும் பேச்சுத் தமிழில் சொல்லி, என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே கேளுங்கள். முக்கியமானது இதற்கு அடுத்தது: அவர் உடைந்து அழ ஆரம்பிக்கும்போது பேனாவைக் கீழே வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். ஒரு நிமிடம் கழித்து, முதலில் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள். அதற்கு மேலும் அவர் பேசினால், தெரிந்துதான் பேசுகிறார். அந்தத் தெளிவு அவருக்கும் நியாயம், உங்களுக்கும் காவல்.

சிகிச்சை தேவை என்று தெரிந்தால் நீங்களே கொடுக்கப் பார்க்காதீர்கள். சிறை மருத்துவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 2017-ம் வருட மனநலச் சட்டத்தின் 103-வது பிரிவு கைதிகளின் மனநலப் பராமரிப்புக்கென்றே இருக்கிறது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தாலே பாதி பாரம் இறங்கும்.

அப்புறம் தீர்ப்பு. மனநிலை காரணமாகக் குற்றப் பொறுப்பிலிருந்து விலக்கு தரும் பிரிவு பழைய தண்டனைச் சட்டத்தில் 84, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. மனநோய் இருந்தது என்பது மட்டும் அந்த விலக்குக்குப் போதாது. செயலின் தன்மையோ, அது தவறு என்பதோ அந்த நேரத்தில் அறிய முடியாத நிலையில் அவர் இருந்தாரா என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்வது நீதிபதி. உங்கள் ரிப்போர்ட் அவர் முன்னால் இருக்கும் பல காகிதங்களில் ஒன்று. நேர்மையாக எழுதியிருந்தால் நீங்கள் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

வழக்கு எப்படி முடிந்தது என்று பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் தெரியும். பார்ப்பதா வேண்டாமா என்பதை இப்போதே, பகலில், தெளிவாக இருக்கும்போது முடிவு செய்யுங்கள். நள்ளிரவில் ஃபோனை எடுத்துப் பார்ப்பதுதான் கெடுதல். தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நான் வாக்குமூலங்களை டைப் மட்டும்தான் செய்கிறேன். எனக்கும் இது வருமா? (மூலக்கடை)

வரும். நாங்கள் ஒரு தடவை கேட்பதை நீங்கள் நிறுத்தி நிறுத்தி நாலு தடவை கேட்கிறீர்கள். கடினமான பகுதியைக் காலையில் முடித்துவிடுங்கள், சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள். வழக்கின் புகைப்படங்களைப் பார்க்க வேண்டியிருந்தால் சின்னதாக்கி, நிறத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். வீடியோவில் படம் மட்டும் தேவையென்றால் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். உங்களையும் குழுக் கூட்டத்தில் உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

என் வீட்டுக்காரர் மனநல மருத்துவமனையில் நர்ஸ். வழக்கில் இருக்கும் நோயாளிகள் வார்டு. வந்தால் பேசுவதே இல்லை. இப்போது குடிக்கிறார். (அயனாவரம்)

என்ன நடந்தது என்று கேட்காதீர்கள் அம்மா. சில விவரங்களை அவர் உங்களிடம்கூடச் சொல்லக் கூடாது. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். கதையைக் கேட்காமல் பாரத்தை மட்டும் கேளுங்கள்: "இன்னிக்கு ரொம்பக் கஷ்டமா?" ஆமாம் என்றால் ஒரு அரை மணி நேரம் பிள்ளைகளை அவர் பக்கம் விடாமல், டீயைக் கையில் கொடுத்து மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். நான் புழலிலிருந்து திரும்பும் நாட்களில் ஜிஎன்டி ரோட்டில் ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் சும்மா நிற்பேன். அதன் பிறகுதான் பஸ் ஏறுவேன். அந்தப் பத்து நிமிடம் இல்லாத நாட்களில் வீட்டில் சண்டை நிச்சயம்.

குடியை மட்டும் சும்மா விடாதீர்கள். கூட வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அவர் தயங்கலாம். 1794-ல் தொடங்கிய மருத்துவமனையின் பெயரையே நம் ஊர் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறது, "கீழ்ப்பாக்கம்" என்றால் சிரிக்கிறார்கள். அந்தக் கூச்சம் அங்கே வேலை செய்பவர்களையும் விடுவதில்லை. ஸ்டான்லி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் ஃபோனில் பேசினால் போதும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழில், இரவு பகல் எப்போதும்.

சின்ன அமைப்பு நடத்துகிறேன். ஐந்து பேர் வேலை பார்க்கிறார்கள். சனிக்கிழமை யோகா வகுப்பு வைத்தேன். அப்படியும் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். (வியாசர்பாடி)

யோகா நல்லதுதான். ஆனால் வாரத்துக்கு ஆறு நாள் பாரம் ஏற்றிவிட்டு ஏழாம் நாள் மூச்சை இழுத்து விடச் சொன்னால், நீ தாங்கவில்லை, அது உன் குறை என்றுதான் அந்தப் பெண்ணுக்குக் கேட்கும். பாரத்தைக் குறையுங்கள். ஒரே ஆளிடம் பாலியல் வழக்குகளை மட்டும் குவிக்காதீர்கள், கலந்து கொடுங்கள். நீதிமன்றம் போன நாளில் அதற்குப் பிறகு வேறு வேலை வைக்காதீர்கள். பாரிமுனையிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ காசு கொடுங்கள். உங்கள் பட்ஜெட்டில் அதைவிட நல்ல செலவு கிடையாது.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, சம்பளம் போடும் கையாக இல்லாத ஒரு மூத்தவரோடு அவர்கள் உட்கார்ந்து வழக்கைப் பேச வேண்டும். பெயர், தெரு, பள்ளி எதுவும் இல்லாமல் பேசலாம். கொடூரமான விவரத்தைச் சொல்லும் முன், "சொல்லட்டுமா?" என்று கேட்கும் பழக்கத்தை அங்கே கொண்டுவாருங்கள். அலுவலகத்தில் ஒருவர் கேட்டது மதியச் சாப்பாட்டுக்குள் ஐந்து பேர் தலையில் ஏறுவது அதனால் நிற்கும்.

ஏதாவது பெரிய சம்பவம் நடந்தால், அன்றே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொல்லாதீர்கள். அப்படி ஒரே தடவை கட்டாயமாகப் பேச வைப்பது அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை என்று 2002-ல், பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டிவிட்டது. அன்று சாப்பாடு, வீட்டுக்குக் கூட ஒரு ஆள். மறுநாள் ஒரு ஃபோன். ஒரு மாதம் கழித்து இன்னொரு ஃபோன், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

குறுக்கு விசாரணையில் வக்கீல் என்னை அவமானப்படுத்தினார். (பழைய வண்ணாரப்பேட்டை)

அது அவர் வேலையின் ஒரு பகுதி. ஆனாலும் வலிக்கும். கேள்வி வக்கீலிடமிருந்து வந்தாலும் பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அடுத்த முறை கூட ஒருவரை அழைத்துப் போங்கள், வெளியே வந்ததும் பார்க்க ஒரு முகம் வேண்டும்.

எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். இதையெல்லாம் கேட்டால் பயமாக இருக்கிறது. இந்தத் துறைக்கு வரலாமா? (திருவொற்றியூர்)

வாம்மா. சேரும் முன் மூன்று கேள்வி கேள்: ஒருவருக்கு எத்தனை வழக்கு, என் வழக்குகளை யாரோடு பேசுவேன், நீதிமன்றம் போன மறுநாள் எனக்கு என்ன வேலை. மூன்றாவதற்கு அவர்கள் விழித்தால் வேறு இடம் பார்.

பாரத்தைப் பற்றியே பேசிவிட்டேன். மீண்டு வருபவர்களின் திடமும் கேட்பவரிடம் ஒட்டிக்கொள்ளும் என்று 2007-ல் அரசியல் வன்முறையிலும் ஆள் கடத்தலிலும் தப்பியவர்களோடு வேலை செய்தவர்களை வைத்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைக் காட்டியது ஒரு சின்னப் பெண். காலையிலிருந்து சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவள் அம்மா அழுதுகொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்து, "பீச் ஸ்டேஷன்கிட்ட அத்தோ கிடைக்கும்ல?" என்றாள். அந்த பர்மா நூடுல்ஸுக்காக மூன்று பேரும் நடந்தே போனோம். காரம் அதிகம் போடச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வர வர, இரண்டு தட்டு சாப்பிட்டாள்.