நகரம் வளர்ந்தால் விளைநிலம் குறைவதைத் தவிர வேறென்ன மாறும்?

நகரம் விரிந்தால் வயல் குறையும், அவ்வளவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். குறைவது மட்டும் என்றால் ஏக்கர் கணக்குப் போட்டு முடித்துவிடலாம். நான் கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றைத் தாண்டி இருப்பவன். இங்கே மனையாகிற வயல் சும்மா போவதில்லை, அக்கம்பக்கத்து வயல்களையும் கெடுத்துவிட்டுத்தான் போகிறது.

காவிரி டெல்டா கிட்டத்தட்டச் சமதளம். கிழக்கே கடலைப் பார்த்து மிக லேசான சரிவு. அதனால் ஊர், களம், கோயில் எல்லாம் மேட்டில் இருக்கும், தாழ்வில் நஞ்சை. ஒரு பக்கம் பாசன வாய்க்கால், இன்னொரு பக்கம் வடிகால். பல இடங்களில் வயலுக்குத் தனி வாய்க்காலே கிடையாது, மேல் வயலில் நிறைந்து வழிவதுதான் கீழ் வயலுக்குத் தண்ணீர். இப்படி ஒன்றையொன்று நம்பி இருக்கிற இடத்தில் நடுவே ஒருவர் மூன்று அடி உயரத்துக்குக் கிராவல் அடித்து மனை போட்டால் என்ன ஆகும்?

எங்கள் பெரியப்பா நிலத்துக்கு ஆனது இதுதான். கிழக்குப் பக்கத்து வயலை வாங்கியவர்கள் மேடாக்கி, வடிகால் இருந்த இடத்தில் குறுகலான சிமெண்ட் குழாய் ஒன்றைப் பதித்து, மேலே ரோடு போட்டுவிட்டார்கள். அடுத்த ஐப்பசி மழையில் சம்பா நாற்று மூழ்கி அழுகியது. பெரியப்பா சொன்னார்: "தண்ணி வரலேன்னா எஞ்சின் வச்சு இறைக்கலாம். வடியலேன்னா எங்கடா கொண்டு போய்க் கொட்டுறது?" ரெண்டு வருஷம் பார்த்தார், அப்புறம் தரிசாகப் போட்டுவிட்டார். தரிசாகக் கிடக்கிற நிலத்தைத் தேடித் தரகர் வருவதற்கு ரொம்ப நாள் ஆகாது. அதுவும் மனையாகும், அடுத்த வயலுக்கும் வடிகால் அடைபட்டுப் போகும்.

விலையையும் பாருங்கள். ஒரு மா என்பது 33 சென்ட், சுமார் 14,400 சதுர அடி. சாலைக்கு விட்டதுபோக 1,200 சதுர அடியில் ஏழெட்டு மனை தேறும். அந்தப் பணத்தை நெல்லில் பார்க்க எத்தனை போகம் வேண்டும்? விற்பவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, மனையானதெல்லாம் வீடாகிறதா என்றால் அதுவும் இல்லை. சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பவர் முதலீடாக வாங்கிப் போட்டிருப்பார். மனைக்கல்லைச் சுற்றிச் சீமைக்கருவை மண்டியிருக்கும், ‘நகர்’ என்று எழுதிய வளைவு மட்டும் சாலையோரம் நிற்கும். அதற்குள் நடந்து பார்த்தால் வயலும் இல்லை, ஊரும் இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதற்கு முன்பே பிரித்து வைத்தவை எத்தனையோ இன்னும் அப்படியே கிடக்கின்றன. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படத்தை எடுத்துப் பாருங்கள். முதலில் சாலையோரமாக ஒரு கோடு போல வீடுகள் வரும், பிறகு பச்சைக்கு நடுவே அங்கங்கே செம்மண் கட்டங்கள் முளைக்கும். கும்பகோணம் வழியாகப் போகும் தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நான்குவழிச் சாலைப் பக்கம் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் வந்ததே என்பீர்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றை. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை.

நகரமே வளரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பக்கம் வளர்கிறது என்பதுதான் விஷயம். தஞ்சாவூரில் புது ஆற்றுக்கு, அதாவது கல்லணைக் கால்வாய்க்கு, மேற்கே வல்லம் வரை செம்மண் மேடு. மருத்துவக் கல்லூரி, 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் எல்லாம் அந்தப் பக்கம்தான் போயின. மேட்டில் கட்டியதால் ஆற்றுப் பாசன நஞ்சை தப்பியது. கும்பகோணத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, எந்தப் பக்கம் காலை நீட்டினாலும் வயல். இங்கே நகருக்குள்ளேயே மாடி ஏற்றிக் கட்டுவதும், வெளியே கட்டியே ஆகவேண்டும் என்றால் வடிகாலின் முழு அகலத்தையும் விட்டுக் கட்டுவதும்தான் எனக்குத் தெரிந்த வழி.

இந்தப் பக்கம் மனை வாங்கும் எண்ணம் இருந்தால், விற்பவர் காட்டும் லேஅவுட் படத்தோடு நிற்காதீர்கள். அந்த சர்வே எண்ணுக்கான எஃப்எம்பி எனும் அரசு நில அளவை வரைபடத்தையும் எடுத்து, வாய்க்கால் புறம்போக்கு, அதாவது வாய்க்காலுக்கான அரசு நிலம், எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு கார்த்திகை மாதம் நல்ல மழை பெய்த மறுநாள் போய், தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.