வெயில் விழும் கண்ணாடிக்குள் பெரிய திரை

கேள்வி: யாழ்ப்பாண நகரில் உள்ள எங்கள் புடவைக்கடை மேற்குப் பார்த்தது. வீதியால் போவோர் காணும்படி முகப்புக் கண்ணாடிக்குள் 65 அங்குல விளம்பரத் திரை ஒன்றை நிறுத்த விரும்புகிறோம். அதே அளவுத் தொலைக்காட்சிப் பெட்டி மிக மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கினால் போதாதா?

பதில்: போதாது. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அங்குலத்தை அல்ல, வெளிச்சத்தை. திரையின் பிரகாசம் ‘நிற்ஸ்’ என்னும் அலகால் அளக்கப்படுகிறது. வீட்டுத் தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவை 250 முதல் 400 நிற்ஸ் வரையே தருபவை. பிற்பகல் வெயில் நேராக விழும் கண்ணாடிக்குப் பின்னால் அவற்றில் வாடிக்கையாளர் காண்பது எதிர்ப்பக்கக் கட்டடத்தின் நிழலுருவைத்தான். அத்தகைய இடத்துக்கென்றே செய்யப்படும் வர்த்தகத் திரைகள் 2,500 நிற்ஸ் அளவிலும் அதற்கு மேலும் ஒளிர்கின்றன.

வெப்பம் இதைவிடப் பெரிய சிக்கல். மூடிய கண்ணாடிக்குள் வெயில் படும் திரையின் மேற்பரப்பு வெளிக்காற்றைவிட வெகுவாகச் சூடேறுவதால், சாதாரண எல்.சி.டி. திரையில் படத்தை உருவாக்கும் திரவப் படிகம் என்னும் பொருள் தன் ஒழுங்கை இழந்து, படத்தின் நடுவே கருந்திட்டுகள் தோன்றும். வெயிலுக்கென அமைந்த திரைகளில் 110 பாகை செல்சியஸ் வரை தாங்கும் படிகம் பயன்படுகிறது; விலைப்பட்டியலில் அந்த எண் இல்லையென்றால் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நாளுக்கு 16 மணித்தியாலமா, 24 மணித்தியாலமா ஓடத்தக்கது என்பதையும், வர்த்தக இடத்தில் பாவித்தால் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். வீட்டுப் பெட்டிகளின் உத்தரவாதம் பெரும்பாலும் கடைப் பாவனைக்குப் பொருந்துவதில்லை.

புடவைக்கடை என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: திரையை நெடுக்காக நிறுத்துங்கள். 65 அங்குலத் திரை நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய 81 சென்ரிமீற்றர் அகலமும் 144 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டிருக்கும். சேலை உடுத்திய பெண்ணின் முழு உருவமும், முந்தானையின் வேலைப்பாடு வரை, அதில் அழகாக அடங்கும். வீட்டுப் பெட்டிகளின் காற்றுத் துளைகள் கிடையாக வைப்பதற்கே அமைந்தவை. நெடுக்காகத் தொங்கவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

மின் செலவையும் கணக்கிடுங்கள். 300 வாற் எடுக்கும் திரை நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் 30 நாளில் 108 அலகு. இருளும்போது பிரகாசத்தைத் தானே குறைக்கும் ஒளி உணரி இருந்தால் இது கணிசமாகக் குறையும். மின்சாரம் போய் வருகையில் ஏற்படும் மின்னழுத்த அதிர்வுக்கு யூ.பி.எஸ். அவசியம்.

ஆனால் என் தெரிவு வேறு. திரையைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, வாசலுக்கு உட்புறமாக, வெயில் எட்டாத பக்கச் சுவரில் நிறுத்த இடமிருந்தால், 500 முதல் 700 நிற்ஸ் தரும் வர்த்தகத் திரையே போதும்; விலையும் மின் செலவும் வெகுவாக இறங்கும். முற்பணம் கொடுப்பதற்கு முன் மாலை 4 மணிக்கு அந்தச் சுவரடியில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள், பிறகு விற்பனையாளரை அதே நேரத்தில் ஒரு திரையுடன் வரச்சொல்லி, வீதியின் மறுகரையில் நின்று பார்த்துத் தீர்மானியுங்கள்.